தோமஸ் மிட்ஜ்லியும் இரு பொருள்களும்

மோட்டார்க் காரிலே குளிர்காற்று வீசச் செய்தவர் யார் என்று மாணவரைக் கேட்டால், விடை தெரிந்தவர்கள் வில்லிஸ் கரியரின் பெயரைச் சொல்வர். காற்றின் ஈரத்தை அடக்கி ஆளும் முறையை 1902 ஆம் ஆண்டிலே வகுத்த பெருமை கரியருக்கு உரியதுதான். ஆயினும், ஓடுகின்ற ஒரு வண்டியின் சிறிய அறைக்குள், குழந்தைகளும் முதியோரும் அமர்ந்திருக்கும்போது, உயிருக்கு அச்சமின்றிக் குளிரை உண்டாக்கலாம் என்ற நிலையை ஏற்படுத்தியவர் வேறொருவர். அவரே தோமஸ் மிட்ஜ்லி. இந்நாளில் அவர் பெயரை எடுப்போர் பலர் அதனை ஒரு வசைச்சொல்லாகவே எடுத்தாளுகின்றனர். பூமிக்கு அவரைப் போலக் கேடு செய்த தனிமனிதர் இல்லை என்று எழுதி முடித்துவிடுகின்றனர். எனக்கு அத்தீர்ப்பு முழுவதும் உடன்பாடன்று. அவர்மீது இரு குற்றங்கள் சாட்டப்படுகின்றன. அவ்விரண்டும் ஒரு தராசில் வைத்து நிறுக்கத்தக்கவை அல்ல என்பதே என் எண்ணம்.

மிட்ஜ்லி 1889 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆந் திகதி, பென்சில்வேனியா மாநிலத்துப் பீவர் போல்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். வளர்ந்தது ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில். தந்தையார் ரயர்த் துறையிற் புதுமைகள் செய்தவர். தாய்வழிப் பாட்டனாரும் பற்களைக் கழற்றி மாட்டத்தக்க வாள் ஒன்றைக் கண்டுபிடித்தவர். ஆகவே, பொருள்களைப் பிரித்துப் பார்ப்பதும் திருத்தி அமைப்பதும் அக்குடும்பத்திற் பரம்பரைச் சொத்தாக இருந்தன. கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் 1911 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அது இயந்திரப் பொறியியற் பட்டம் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னாளில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் தலைவராகவே உயர்ந்த இவர், இரசாயனத்தில் முறையாகப் பட்டம் பெற்றவரல்லர். வேலை செய்துகொண்டே கற்றார். தேவை வந்தபோது தேவையானதைக் கற்றார்.

1916 இல் டேற்றன் நகரில் சார்ள்ஸ் கெற்றறிங் என்பவரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். கையாற் சுழற்றி இயக்கிய காரை மின்சாரத்தால் இயங்கத் தொடங்கச் செய்தவர் இந்தக் கெற்றறிங். அவர் ஒரு புதிரை இளைஞரான மிட்ஜ்லியிடம் ஒப்படைத்தார். அக்கால எஞ்சின்கள் பாரம் இழுக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் உள்ளிருந்து சுத்தியலால் அடிப்பதுபோன்ற ஓர் ஒலியை எழுப்பின. அந்தத் தட்டொலி வலுவைக் குறைத்தது, எஞ்சினையும் சிதைத்தது. காரணம் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. உருளைக்குள்ளே நிகழும் அமுக்க மாற்றத்தைப் படம்பிடிக்கும் கருவி ஒன்றை மிட்ஜ்லி தாமே அமைத்து, பொறி பற்றிய பின்னரே இக்கோளாறு நிகழ்கின்றது என்று காட்டினார். எரிபொருள்தான் குற்றவாளி என்பது தெரிந்தது.

இனி மருந்து தேடவேண்டும். பனிக்காலத்திலேயே பூக்கத் தொடங்கும் ஒரு கொடியின் இலை சிவந்த நிறமுடையது; சிவப்பு வெப்பத்தை விரைவில் உறிஞ்சுவதாற்றான் அது முந்திப் பூக்கின்றதோ என்று கெற்றறிங் ஊகித்தார். அப்படியாயின் மண்ணெண்ணெய்க்குச் சிவப்பு நிறம் ஊட்டினால் என்ன? எண்ணெயிற் கரையும் சிவப்புச் சாயம் கைக்கு அகப்படவில்லை, அயடீன் அகப்பட்டது. அதைப் போட்டதும் தட்டொலி அடங்கிற்று. பின்னர் உண்மையான சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தபோது ஒன்றும் அடங்கவில்லை. ஊகம் பிழை, பயன் மெய். இவ்வாறான அதிட்டம் மிட்ஜ்லியின் வாழ்வில் இன்னொரு முறையும் வரும்.

அயடீன் விலை கூடியது, உலோகத்தையும் அரிப்பது. ஆதலின் வேறு பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். அனிலீன், செலனியம், தெலூரியம் என்று பட்டியல் நீண்டது. தெலூரியத்தின் சேர்மங்கள் உள்ளியை ஒத்த ஒரு நாற்றம் உடையன. குளித்தாலும் உடை மாற்றினாலும் அது போகாது. ஆய்வுகூடத்தவர் வீட்டாரிடமே ஒதுக்கப்பட்டனர் என்று சொல்வதுண்டு. இறுதியில் ஆவர்த்தன அட்டவணையை வழிகாட்டியாகக் கொண்டு தேடி, 1921 ஆம் ஆண்டு திசெம்பர் 9 ஆந் திகதி நாலெதயில் ஈயத்தை அடைந்தனர். ஒரு கலன் பெற்றோலுக்கு மூன்று கன சென்றிமீற்றர் அளவே போதுமாயிருந்தது. 1923 பெப்ரவரியில் டேற்றன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. எதயில் என்று பெயர் சூட்டினர். ஈயம் என்ற சொல்லை விளம்பரத்தில் விட்டுவிட்டனர்.

இங்கேதான் நான் மிட்ஜ்லிமேல் வருத்தங் கொள்கின்றேன். ஈயம் நஞ்சு என்பது அன்று புதிய செய்தியன்று. உரோமர் காலந்தொட்டே அறிந்த செய்தி. 1923 இன் தொடக்கத்தில் மிட்ஜ்லிக்கே ஈய நஞ்சு ஏறி, வேலையை விட்டுப் புளோரிடாவின் வெயிலிற் சில வாரம் தங்கவேண்டி வந்தது. அடுத்த ஆண்டு ஒக்ரோபரில், நியூ ஜேர்சி மாநிலத்துப் பேவே என்னுமிடத்து ஆலையிலே தொழிலாளர் ஐவர் இறந்தனர். பலர் வெறிகொண்டவராய், இல்லாதவற்றைக் கண்டவராய், வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அம்மாத முடிவில் நிருபர்களைக் கூட்டி, மிட்ஜ்லி அத்திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக் கழுவினார். போத்தலை மூக்கின் கீழ்ப் பிடித்து ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். அது நஞ்சு என்பதைத் தம் உடம்பால் அறிந்த ஒருவர் ஏன் இதனைச் செய்தார்? துணிவு என்று சிலர் சொல்லக்கூடும். தாம் அறிந்ததை மறைக்கும் நாடகம் என்றே நான் சொல்வேன். யேல் பல்கலைக்கழகத்து யண்டெல் கென்டர்சனும், தொழில்நோய் மருத்துவத்தின் தாய் எனத்தக்க அலிஸ் ஹமில்ரனும் எச்சரித்தனர். 1925 இல் அரசாங்கம் ஒரு மாநாட்டைக் கூட்டியது. விற்பனை சிறிது காலம் நின்றது. மறு ஆண்டு மீண்டும் தொடங்கிற்று. மதுசாரமும் தட்டொலியை அடக்கும் என்பதை மிட்ஜ்லி நன்கறிவார். ஆனால் எவரும் காய்ச்சி வடிக்கக்கூடிய மதுசாரத்துக்குக் காப்புரிமை எடுப்பது எங்ஙனம்?

ஈயத்தின் முடிவைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். பூமியின் வயதைத் துணியப் புகுந்த கிளயர் பற்றர்சன் என்னும் அறிஞர், தாம் எடுத்த மாதிரிகளிலெல்லாம் வெளியிலிருந்து வந்த ஈயம் படிந்திருப்பதைக் கண்டு, 1965 இல் அதனை வெளியிட்டார். பின்னர் நாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இலங்கையில் 2002 இலும், உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021 இலும் ஈயம் கலந்த காருக்கான பெற்றோல் ஒழிந்தது.

இரண்டாவது பொருளுக்கு வருவோம். 1920 களில் வீட்டுக் குளிர்ப்பெட்டிகள் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு ஆகிய மூன்றில் ஒன்றைக் கொண்டே இயங்கின. மூன்றும் நச்சுத்தன்மையுடையன, அமோனியாவும் மெதயில் குளோரைட்டும் எரியவுங் கூடியன. இரவில் ஒரு குழாய் கசிந்தால் காலையில் வீட்டார் எழுவது நிச்சயமில்லை. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் குளிர்ப்பெட்டிப் பிரிவான பிறிஜிடெயரின் தேவைக்காக, நஞ்சற்றதும் எரியாததுமான ஒரு வாயுவைக் கண்டுதருமாறு 1928 இல் கெற்றறிங் மிட்ஜ்லியைக் கேட்டார். மிட்ஜ்லியும் அல்பேட் கென், றொபேட் மக்னரி என்போரும் நூல்நிலையத்தில் அமர்ந்தனர். மூன்று நாட்களுக்குள் விடை கிடைத்ததாகப் பின்னர் மிட்ஜ்லி விவரித்துள்ளார்.

அந்த விடை கிடைத்த விதம் சுவையானது. ஒரு நூலிலே காபனாற்புளோரைட்டின் கொதிநிலை பாகை மறை 15 என்று குறிக்கப்பட்டிருந்தது. அது தவறு, உண்மையிற் பாகை மறை 128. ஆனால் அந்தத் தவறான எண்தான் அவர்கள் பார்வையைப் புளோரீனின் பக்கம் திருப்பிற்று. பின் ஆவர்த்தன அட்டவணையை விரித்தனர். ஆவியாகும் பொருள்களைத் தரும் மூலகங்கள் அதன் வலப்பக்கத்தில் நிற்கின்றன. இடமிருந்து வலஞ் செல்லச் செல்ல எரியுந்தன்மை குறைகின்றது. கீழிருந்து மேல் ஏற ஏற நஞ்சு குறைகின்றது. எல்லாக் கோடுகளும் புளோரீனிலே சந்தித்தன. புளோரீன் சேர்ந்தவையெல்லாம் கொடியவை என்பது அக்கால நம்பிக்கை. அதனை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

செய்முறைக்கு அந்திமனி முப்புளோரைட்டு வேண்டும். சிறு போத்தல்கள் ஐந்தே வாங்க முடிந்தது. அவற்றில் ஒன்றை எடுத்துச் சில கிராம் வாயுவை ஆக்கி, ஒரு கினிப்பன்றியுடன் மணிச்சாடியுள் அடைத்தனர். பிராணி சுகமாக இருந்தது. இரண்டாம் போத்தலிலிருந்து செய்தபோது பிராணி இறந்தது. ஆராய்ந்தால், முதலாவதைத் தவிர ஏனைய நான்கு போத்தல்களும் அழுக்குடையன. அவ்வழுக்கால் பொசுசீன் என்னும் நச்சுவாயு உண்டாயிற்று. காரநீராற் கழுவியதும் அது நீங்கிற்று. முதலில் எடுத்த போத்தல் மற்ற நான்கில் ஒன்றாயிருந்தால் முயற்சியைக் கைவிட்டிருப்போமோ என்று மிட்ஜ்லியே பின்னர் ஐயுற்றார்.

1930 ஏப்பிரலில் அத்திலாந்தா நகரில் நடந்த இரசாயனச் சங்கக் கூட்டத்திலே, மிட்ஜ்லி அவ்வாயுவை நெஞ்சு நிறைய உள்ளிழுத்து, எரிகின்ற மெழுகுதிரியின்மேல் மெல்ல ஊதினார். திரி அணைந்தது, அவர் நின்றார். ஒரே மூச்சில் இரண்டு பண்புகளும் நிறுவப்பட்டன. ஈயத்தால் கை கழுவிய அதே மனிதர்தாம் இவரும். ஆனால் இம்முறை அவர் காட்டியது பொய்யன்று. அன்று எவர் சோதித்தாலும் அதுவே கிடைத்திருக்கும். டூபொன்ற் நிறுவனம் அதற்குப் பிறியோன் என்று பெயரிட்டது. அக்குலத்தில் மிகுதியும் வழங்கியது பன்னிரண்டாம் எண் பெற்ற வாயு. பாகை மறை 30 அளவிற் கொதிப்பது. பக்காட் நிறுவனம் 1939 இல் சிக்காக்கோக் கண்காட்சியில் வைத்த குளிரூட்டிய காரிலே ஓடியதும் அதுவே. அவ்வண்டியிற் கொம்பிரசரைத் தனியாக நிறுத்தும் பொறி இல்லை. குளிர் வேண்டாமென்றால் சாரதி இறங்கி, மூடியைத் திறந்து, பட்டியைக் கழற்றவேண்டும்.

காப்புரிமைகள் நூற்றுக்கு மேல் அவர் பெயரிற் குவிந்தன. பேர்கின் பதக்கம் 1937 இலும், பிறீஸ்லி பதக்கம் 1941 இலும் வந்தன. இடையிலே, 1940 இல், ஐம்பத்தோராம் வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கிற்று. கால்கள் செயலிழந்தன. பிறர் கையை எதிர்பார்க்க மனமில்லாத அவர், படுக்கையிலிருந்து தம்மைத் தாமே தூக்கிக்கொள்ளக் கயிறும் கப்பியும் கொண்ட ஓர் அமைப்பை வகுத்தார். அக்கயிறே 1944 நவம்பர் 2 ஆந் திகதி, வேர்திங்ரன் என்னும் ஊரிலுள்ள அவர் இல்லத்தில், அவர் கழுத்தை இறுக்கிற்று. விபத்தா, அவரே தேடிக்கொண்ட முடிவா என்பதில் எழுதியவர்கள் ஒருமனப்படவில்லை. இதனை ஏதோ தெய்வ நீதிபோலச் சுவைபடச் சொல்லும் வழக்கம் எனக்கு அருவருப்பைத் தருகின்றது. நோயாளி ஒருவரின் மரணம் அது; அவ்வளவே.

மிட்ஜ்லியை நான் தேடிப் படிக்கக் காரணமாயிருந்தது ஒரு பழைய கார். என் மாமனார் 1980 களில் வாங்கிய யப்பானிய வண்டி. அவர் காலமான பின் கொட்டிலிற் பல்லாண்டு கிடந்தது. அதனை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தபோது குளிரூட்டியை மட்டும் கராஜ் ஒன்றிலும் ஏற்கவில்லை. எனவே மோட்டார்த் தொழில் கற்ற என் மருமகனும் நானும் வீட்டு முற்றத்திலேயே தொடங்கினோம். மூடியின் உட்புறத்திலே, மங்கிய ஒட்டுச் சீட்டில், பன்னிரண்டாம் எண் இருந்தது. அமுக்கமானியைப் பூட்டினோம். திரவம் சிறிதளவேனும் உள்ளே எஞ்சியிருந்தால், நம்மூர் வெயிலில் ஊசி சதுர அங்குலத்துக்குத் தொண்ணூறு இறாத்தலுக்கு மேல் நிற்கவேண்டும். நின்றது நாற்பதில். திரவம் முழுதும் போய், வாயு மாத்திரம் தங்கியிருக்கின்றது என்பது அதன் பொருள்.

இந்தப் பொறியின் தத்துவம் பானைத் தண்ணீர் குளிர்வதிலிருந்து வேறன்று. திரவம் ஆவியாகும்போது சூழவுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். காருக்குள்ளே முன்பலகையின் பின் இருக்கும் ஆவியாக்கியில் அது நிகழ்கின்றது. வந்த ஆவியைக் கொம்பிரசர் அமுக்கிச் சூடாக்கி, முகப்பிலுள்ள ஒடுக்கிக்கு அனுப்ப, அங்கே வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்து அது மீண்டும் திரவமாகின்றது. உலர்த்தியிற் புகுந்து ஈரத்தை விட்டு, விரிவு வோல்வின் சிறு துளையால் மறுபடி ஆவியாக்கிக்குள் பாய்கின்றது. பானையில் தண்ணீர் காற்றோடு போய்விடும். இங்கே அது திரும்பத் திரும்ப வரும். கசிவு இல்லாதவரைக்கும் ஒருமுறை நிரப்பிய வாயு தீர்ந்துபோவதில்லை. வருடந்தோறும் வாயு அடிக்கவேண்டும் என்று சொல்லும் கராஜ்களை நம்பாதிருப்பது நன்று.

அன்று எங்களிடையே ஒரு வாக்குவாதம் எழுந்தது. எஞ்சியிருப்பதோ சிறிதளவு; வோல்வை அமுக்கி விட்டுவிட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும் என்பது மருமகனின் கட்சி. நிறமில்லை, மணமில்லை, நஞ்சில்லை. அவன் சொன்னது யாவும் 1930 இல் மிட்ஜ்லி சொன்னவையே. நான் மறுத்தேன். இந்தத் தீங்கற்ற தன்மையேதான் தீங்கின் வேர் என்பதை 1974 இலே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து மொலினாவும் றோலண்டும் எழுதிக் காட்டினர். எதனோடும் சேராத பொருள் மழையிற் கரையாது, வெயிலிற் சிதையாது, நூறு ஆண்டு வரை காற்றில் மிதக்கும். மெல்ல மெல்லப் படைமண்டலத்துக்கு ஏறியதும், அங்குள்ள ஊதாக்கடந்த கதிர் அதனை உடைத்துக் குளோரீனைப் பிரிக்கின்றது. அப்படிப் பிரிந்த ஓர் அணு, ஓர் இலட்சம் வரையான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. தென்முனையின் மேலே ஓசோன் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் 1985 இல் அறிவித்தனர். இரண்டாண்டில் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. இலங்கை 1989 இல் அதிற் சேர்ந்தது. 2010 உடன் நம்போன்ற நாடுகளிலும் அவ்வாயுவின் உற்பத்தி நின்றது.

மீட்புப் பொறி வைத்திருக்கும் தொழிலாளி ஒருவர் வரும் வரை இரண்டு நாள் காத்திருந்தோம். அவர் உள்ளதை உருளை ஒன்றினுள் இழுத்துக்கொண்டார். அதன்பின் நைதரசனை அமுக்கி ஏற்றி, மூட்டுகளெங்கும் சவர்க்கார நீரைப் பூசினோம். கொம்பிரசரிலிருந்து செல்லும் றப்பர்க் குழாயின் இரும்பு வளையத்தடியில் எண்ணெய்க் கறையும், அதன்மேல் நுண்ணிய குமிழிகளும் தோன்றின. குழாயையும் உலர்த்தியையும் றப்பர் வளையங்கள் அனைத்தையும் மாற்றினோம். பழைய கனிய எண்ணெய் புதிய வாயுவோடு கலவாது. அதனைக் கழுவி வேறெண்ணெய் விட்டோம். வெற்றிடப் பம்பை முக்கால் மணிநேரம் ஓடவிட்டு, ஊசி அசையவில்லை என்று கண்ட பின்னரே 134எ என்னும் வாயுவை, சீட்டிற் குறித்த பழைய நிறையின் ஐந்தில் நான்கு பங்களவு நிரப்பினோம். கண்ணாடியும் கையுறையுமின்றி இவ்வேலையில் எவரும் இறங்கலாகாது. தெறிக்கும் திரவம் தோலையும் விழியையும் உறையச் செய்துவிடும்.

134எ குளோரீன் இல்லாதது, ஓசோனுக்குப் பகையன்று. ஆனால் நூறாண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டைப்போல ஆயிரத்து நானூறு மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்கள் அனைத்திலும் அதனை விலக்கிற்று. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 1234வைஎவ் சில நாட்களிலேயே காற்றிற் சிதைகின்றது. சிதைந்தபின் ஓர் அமிலமாகி மழையோடு நிலத்திலும் நீரிலும் சேர்கின்றது. அந்த அமிலம் காலப்போக்கில் என்ன செய்யும் என்பதை இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கின்றார்கள். அன்றியும், அவ்வாயு சிறிதளவு எரியக்கூடியது; ஆதலால் அதனைக் கையாளும் கராஜ்களுக்குத் தனிப் பொறிகளும் தனிப் பயிற்சியும் வேண்டியிருக்கின்றன.